ஒரு சின்ன நாயின் நோவும் 12,800 ரூபாவும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் நாய், பூனை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். வைத்திராதவர்களும் வாசித்தால் நல்லது. கடந்த ஒரு மாதமாக என்னிடம் கேள்வி கேட்டவர்களில் அரைவாசிப் பேர் வாழ்க்கையில் ஒரு பிராணியும் வளர்க்காதவர்கள்தான்.

கேள்விகள் இரண்டு. "ரீச்சர், மனிசருக்கே மருந்து வாங்கக் காசில்லாத காலத்தில ஒரு நாய்க்குப் பன்னிரண்டாயிரம் செலவோ?" என்பது ஒன்று. "நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில போனீங்களாம், உண்மையோ?" என்பது மற்றது. கடையில், பள்ளிக்கூட வாசலில், கல்யாண வீட்டில் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாய் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கையில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். யுத்தம் முடிந்த பிறகு நாங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, இடிந்து கிடந்த வீட்டைத் திருத்தத் தொடங்கிய காலத்தில், எங்கள் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும்வரை குடிக்கத் தண்ணீர் தந்தது அவருடைய கிணறுதான். மகன் குடும்பத்தோடு கனடாவில். பேத்தி அங்கே போகும்போது ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போன நாய்தான் சுட்டி. நீள உடம்பு, குட்டைக் கால், தொங்கிய காது. டாஷ்ஹவுண்ட் இனத்தில் ஊர்நாய் கலந்தது. 7 வயது, 6 கிலோ. அந்த வீட்டில் ஆச்சியைத் தவிர மூச்சு விடுகிற இன்னொரு உயிர் அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆச்சி மதிலடியில் நின்று கூப்பிட்டார். "பிள்ளை, சுட்டி ராத்திரி முழுக்க நடுங்கினவள். தூக்கினால் கத்துறாள். சோறும் வேண்டாமாம்."

போய்ப் பார்த்தேன். விறாந்தை மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. படுக்கவும் இல்லை, இருக்கவும் இல்லை. தலையைக் கீழே குனியவில்லை. சோற்றுக் கோப்பை தரையில் இருந்தது. குனிந்தால் நோகும் என்பதால்தான் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கோப்பையை ஒரு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தோம். நாலு வாய் சாப்பிட்டது.

இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், நோ என்றால் நாய் கத்தும் என்று நாங்கள் நினைக்கிறோம். பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை. ஒதுங்கிப் போகும். நடுங்கும். மூச்சு வாங்கும். படியேறாது. வழக்கமாக ஓடிவந்து வாலாட்டுகிற நாய் எழும்பாமல் கிடக்கும். தொடப்போனால் உறுமும். "இண்டைக்கு ஏனோ சோம்பலாக் கிடக்குது" என்று நாங்கள் போய்விடுவோம். அது சோம்பல் இல்லை.

ஆட்கள் கூடினார்கள். ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பனடோல் ஒன்றைத் தேத்தண்ணீரில் கரைத்துப் பருக்கச் சொன்னார். இன்னொருவர் தன் முழங்கால் நோவுக்கு எடுக்கிற டைக்ளோபெனக் குளிசையில் பாதி தருகிறேன் என்றார். மூன்றாமவர் வேப்பெண்ணெய் தடவி முதுகை உருவிவிடச் சொன்னார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் அன்றைக்கு என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. "ஆச்சி, டொக்டரிட்டக் காட்டும்வரைக்கும் ஒண்டும் குடுக்காதேங்கோ, உருவவும் வேண்டாம்" என்றேன்.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கால் சொல்கிறேன். ஒரு பனடோல் குளிசை 500 மில்லிகிராம். 6 கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 83 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் கிட்டத்தட்ட 12 குளிசையை ஒரே தடவையில் விழுங்கினதுக்குச் சமன். ஈரல் தாங்குமா? பூனைக்கு இன்னும் மோசம். ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும். டைக்ளோபெனக், இபுபுரொபன் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

டைக்ளோபெனக்குக்குப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மாடுகளின் நோவுக்கு இதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் ஆய்வில் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடைசெய்தது. ஒரு உடம்புக்கு மருந்தாக இருப்பது இன்னொரு உடம்புக்கு நஞ்சாக இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சரி, வைத்தியரிடம் போவோம் என்றதும் ஆச்சியின் முகம் மாறியது. "எவ்வளவு கேப்பினம் பிள்ளை?" என்றார். குரல் அடங்கிப் போயிருந்தது. "மகனிட்ட நாய்க்கெண்டு காசு கேக்கேலாது. அவனுக்கு அங்க வீட்டுக் கடன், வாகனக் கடன். என்ர பிறசர் குளிசைக்கே அவன்தான் அனுப்பிறவன்."

இந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் பல பிராணிகளின் கதை முடிந்துவிடுகிறது. காசு இல்லை என்பதால் மட்டும் இல்லை. எவ்வளவு என்று கேட்க வெட்கம். கேட்டபின் "ஏலாது" என்று சொல்ல அதைவிட வெட்கம். அதனால் போகாமலே இருந்துவிடுகிறோம். நோவோடு அது கிடக்கும். ஒரு கிழமை, இரண்டு கிழமை. பிறகு ஒருநாள் பின்னங்கால் இழுபடும். பிறகு வளவின் பின்பக்கம் ஒரு குழி.

சனிக்கிழமை என்பதால் அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. அந்த அலுவலகங்களும் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்காகவே இயங்குபவை. ஆகவே தனியார் மிருக வைத்தியர் ஒருவரிடம் போவது என்று முடிவெடுத்தோம். சுட்டியைப் பழைய துவாயில் சுற்றி, ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கி ஓட்டோவில் வைத்தேன். நோவில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், வளர்த்தவரையும் கடிக்கும். அதனால் வாயைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டையை ஆச்சி பத்திரமாக வைத்திருந்தார், அதையும் எடுத்துக்கொண்டோம். அந்தத் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுகிறார்கள், உங்கள் நாய்க்குப் போட்டாயிற்றா என்று இன்றைக்கே பாருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வைத்தியர் இளம் பெண். முதலில் சுட்டியைத் தொடவே இல்லை. தரையில் விட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு பின்னங்கால் பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்தார். சுட்டி கொஞ்சம் தாமதித்துத் திருப்பி வைத்தது. பிறகு முள்ளந்தண்டு நெடுகிலும் ஒவ்வொரு என்பாக மெல்ல அமத்திக்கொண்டு வந்தார். நடு முதுகு தாண்டி ஓரிடத்தில் வயிறு கல்லுப்போல் இறுகியது. பின்னங்கால் விரலை நுள்ளிப் பார்த்தார், காலை இழுத்துத் திரும்பிப் பார்த்தது. "நல்லது, உணர்ச்சி இருக்குது" என்றார். சலம் போகிறதா என்று ஆச்சியிடம் கேட்டார். போகிறது என்றார் ஆச்சி.

தரம் 9, 10 பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். முள்ளந்தண்டென்புகளுக்கு இடையில் மெத்தை போல ஒரு வட்டத்தட்டு இருக்கிறது. டிஸ்க் என்று சொல்வார்கள். நடுவில் மெதுவான சவ்வுக்களி, சுற்றிவரக் கட்டியான நார் வளையம். டாஷ்ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் அந்தக் களி இளவயதிலேயே காய்ந்து சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். குட்டைக் காலைக் கொடுக்கிற மரபணு மாற்றமும் இந்த வட்டத்தட்டைக் கெடுக்கிற மாற்றமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்கள் வடிவுக்காக வளர்த்தெடுத்த உடம்பு. அதன் விலையை அந்த நாய் கட்டுகிறது. ஒருநாள் கட்டிலிலிருந்து குதிக்கும்போது அல்லது ஒன்றுமே செய்யாதபோது அந்த நார் வளையம் கிழிந்து, உள்ளே இருப்பது வெளியே வந்து முண்ணாணை நெரிக்கும். அதுதான் அந்த நோ. மிக மோசமான நோக்களில் ஒன்று. கூடினால் நடை தளம்பும், பிறகு கால் விழும், பிறகு சலம் அடைபடும், கடைசியில் விரலை நுள்ளினாலும் தெரியாது.

"அனேகமா இது வட்டத்தட்டுப் பிரச்சினை. ஆனால் அனேகம்தான், நூற்றுக்கு நூறு இல்லை" என்றார் வைத்தியர். அடுத்து அவர் செய்ததைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஒரு கடதாசி எடுத்து, எங்களைப் பக்கத்தில் இருத்தி, படி படியாக எழுதினார்.

முதற்படி: இன்றைக்கே நோவுக்கு ஊசி. ஒரு இரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதுவும் மூட்டு நோவையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். தவிர நோ மருந்து தொடங்கமுதல் சிறுநீரகம் எப்படி என்று தெரிய வேண்டும். முடிவு சரியென்றால் மருந்தும், குறைந்தது நாலு கிழமை கூட்டுக்குள் முழு ஓய்வும்.

இரண்டாம் படி: எக்ஸ்றே. அடிபட்டது, விழுந்தது என்றால் இன்றைக்கே எடுக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பொறுக்கலாம். எக்ஸ்றேயில் என்பு தெரியும், முறிவு தெரியும். முண்ணாணும் வட்டத்தட்டும் வடிவாகத் தெரியாது.

மூன்றாம் படி: ஸ்கான், சத்திரசிகிச்சை. அதற்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கான். செலவு சில இலட்சம். கால் இழுபடத் தொடங்கினால்தான் அந்தக் கேள்வி வரும், வந்தால் மணித்தியாலக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

ஆச்சி கேட்டார்: "தங்கச்சி, எக்ஸ்றே எடுத்தால் நீங்கள் தாற மருந்து மாறுமோ?"

நான் பல பயிற்சிப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். இவ்வளவு கூர்மையான கேள்வியை அங்கே கேட்டதில்லை. வைத்தியர் சிரித்தார். "இப்போதைக்கு மாறாது அம்மா. அஞ்சு நாளில சுகம் காணாட்டி எடுப்பம்." அதோடு இரண்டாம் படி தள்ளி வைக்கப்பட்டது.

அந்த மேசையில் எனக்கு விளங்கியது இதுதான்: நோவை நிறுத்த அவ்வளவு செலவில்லை. நோவுக்குச் சரியான பெயர் கண்டுபிடிக்கத்தான் செலவு. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, பெரிய செலவுக்குப் பயந்து சின்னச் செலவையும் செய்யாமல் விடுகிறோம். எல்லாப் பரிசோதனைக்கும் காசில்லை என்றால்கூட நோவைக் குறைக்க ஏதாவது செய்யலாம். அதைக் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது.

கணக்கைக் கேட்டவர்களுக்காக முழுப் பில்லையும் போடுகிறேன். இது எங்களுக்கு வந்த கணக்கு, உங்கள் இடத்தில் கூடிக் குறையலாம்.

முதல்நாள் பார்த்த காசு 1,500
நோ ஊசி 800
இரத்தப் பரிசோதனை 2,800
நோவுக்கும் வீக்கத்துக்குமான திரவ மருந்து 2,900
நரம்பு நோவுக் குளிசை 1,400
இரண்டாம் தடவை பார்த்தது 1,000
ஓட்டோ 2,400
மொத்தம் 12,800 ரூபா

அந்தத் திரவ மருந்து மெலொக்சிகாம். கழுகுகளுக்குக் கெடுதி செய்யாது என்று கண்டு, டைக்ளோபெனக்குக்குப் பதிலாக இந்தியாவில் பரிந்துரைத்த அதே மருந்து. சுட்டியின் எடைக்கு ஒரு நாளைக்கு 0.6 மில்லிகிராம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, சாப்பாட்டோடு. மனிதருக்கான குளிசை ஒன்று 7.5 மில்லிகிராம். அதாவது அதன் 12 நாள் மருந்து ஒரே குளிசையில். ஆகவே "அதே மருந்துதானே, பார்மசியில வாங்கிக் குடுப்பம்" என்று யாரும் தொடங்கவேண்டாம். ஸ்டீரொயிட் குளிசையையும் இதையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்றும் வைத்தியர் இரண்டு தடவை சொன்னார்.

இனி அந்த முதலாவது கேள்வி. பன்னிரண்டாயிரம் அதிகமா?

அதிகம் போலத் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மகன் கையை முறித்தபோது பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள், மாவு போட்டார்கள், மருந்து தந்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. இலவசம் என்று சொல்கிறோம், உண்மையில் நாட்டு மக்கள் எல்லோரும் வரியாகக் கட்டிய காசு அது. அதனால் வைத்தியத்தின் உண்மையான விலை என்னவென்று எங்களுக்குத் தெரியாது. பிராணிக்கு அப்படி யாரும் பங்கு போடுவதில்லை. முழு விலையும் எங்கள் கையில் வருகிறது, நாங்கள் திடுக்கிடுகிறோம்.

இரண்டாவது காரணம் எல்லோருக்கும் தெரியும். மருந்து இறக்குமதி. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அந்த வருடம் மனிதருக்கே மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிகள் தவித்தன. டொலர் பிறகு கொஞ்சம் இறங்கினாலும் மருந்து பழைய விலைக்குத் திரும்பவில்லை. மூன்றாவது, மிருக வைத்தியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகப் பீடம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், பேராதனையில். பெரிய போதனா மிருக வைத்தியசாலையும் அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். முதுகு நோகிற நாயை ஏ9 பாதையில் அவ்வளவு தூரம் கொண்டுபோவதே ஒரு வைத்தியத்துக்குரிய யோசனை.

வெளிநாட்டில் இப்படி இல்லை என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவில் மிருக வைத்தியச் செலவைப் பற்றிப் பொதுமக்கள் குமுறியதால் அரசின் போட்டி, சந்தை அதிகாரசபை விசாரணை தொடங்கியது. வைத்திய நிலையங்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை தங்கள் இணையத்தளத்தில் விலையே போடவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னார்கள். 2016இலிருந்து 2023 வரை விலை சராசரியாக 63 சதவீதம் ஏறியதாக 2025 ஒக்ரோபரில் சொன்னார்கள். விலைப்பட்டியலை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது அப்போது அவர்களுடைய முக்கிய யோசனையாக இருந்தது. அவ்வளவு பணக்கார நாட்டு மக்களே "முதலில் விலையைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, நாங்கள் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

"மனிசருக்கே இல்லை" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காசு எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் எடுத்தது இல்லை. ஆச்சி தன் சீட்டுக் காசில் கட்டியது. முதல்நாள் நான் கொடுத்ததைக்கூட அடுத்த கிழமை ஒரு கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டார், வேண்டாம் என்றதற்குக் கோபம் வேறு. ஏழைக்குக் கொடுக்க மனமுள்ளவன் நாய்க்கும் கொடுப்பான், நாய்க்குக் கொடுக்காததால் மிஞ்சிய காசை யாரும் ஏழையிடம் கொண்டுபோய்க் கொடுத்து நான் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி எங்கள் ஆட்களிடமிருந்து. ஓம், நான்தான் தூக்கினேன். துவாயில் சுற்றித் தூக்கினேன், ஆனாலும் கைச்சட்டையில் எச்சில் பட்டது. நாங்கள் ஷாபி மத்ஹப்காரர். எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவினேன். மகன் பக்கத்தில் நின்று "உம்மா, நாலு... அஞ்சு..." என்று எண்ணினான். ஐந்து நிமிட வேலை. கழுவச் சொன்ன மார்க்கம் தொடாதே, சாகவிடு என்று சொல்லவில்லை. தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மதரசாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற கஹ்ஃப் சூராவில் குகைத் தோழர்களோடு வாசலில் கிடந்தது என்ன பிராணி? சுத்தம் பற்றிய சட்டம் ஒன்று, இரக்கம் பற்றிய கடமை இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக் கழிக்க ஏலாது.

இனி சுட்டியின் கதை. மருந்தைவிடக் கஷ்டம் கூடுதான். எங்கள் உறவினர் ஒரு தச்சர், பழைய பலகையிலும் கம்பி வலையிலும் ஒரு கூடு அடித்துத் தந்தார். எழும்பி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம். நடக்க இடம் இருக்கக்கூடாது. சலத்துக்கும் மலத்துக்கும் மட்டும் தூக்கிக்கொண்டுபோய், வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து, திரும்பக் கொண்டுவந்து வைப்பது. முதல் மூன்று நாள் சுட்டி அழ, ஆச்சியும் அழுதார். "என்ர பிள்ளையை மறியலில போட்டிட்டியள்" என்றார் என்னிடம். மகன் பள்ளிவிட்டு வந்து கூட்டுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு வீட்டுப்பாடம் செய்தான், அப்போது மட்டும் அது பேசாமல் படுத்திருந்தது.

நாலாம் நாள் வாலாட்டியது. ஒன்பதாம் நாள் நோவே இல்லாததுபோல் கூட்டுக்குள் துள்ளப் பார்த்தது. ஆபத்தான நேரம் அதுதான் என்று வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார். மருந்து நோவை மறைக்கும், கிழிந்த நார் வளையம் ஆறியிராது. "சுகம் வந்திட்டுது" என்று அவிழ்த்துவிடும் நாய்கள்தான் கால் விழுந்து திரும்பி வருகின்றனவாம். ஆச்சி கதவுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை எங்கள் வீட்டில் தந்துவிட்டார். "என்னட்ட இருந்தால் நான் திறந்துபோடுவன் பிள்ளை."

இடையில் கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வந்தபோது கூட்டைக் கண்டுவிட்டார். "என்னம்மா அது?" விஷயம் வெளியில் வந்தது. ஆச்சி திட்டு விழும் என்று காத்திருந்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இஞ்ச எண்டால் ஆயிரக்கணக்கில டொலர் எடுத்திருப்பாங்கள் அம்மா. ஏன் என்னட்டச் சொல்லேல்லை?" என்றார். பேத்தி ஃபோனைப் பறித்து, சுட்டி, சுட்டி என்று கூப்பிட்டாள். கூட்டுக்குள் காது இரண்டும் எழும்பியது. எங்கள் ஊர் அம்மாக்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று நீங்களாகவே முடிவெடுத்து மறைக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் சொல்லட்டும்.

நாலு கிழமை போன சனிக்கிழமை முடிந்தது. சுட்டி நடக்கிறது. கொஞ்சம் அகட்டி நடக்கிறது, கால் இழுபடவில்லை. இனிமேல் கட்டில், கதிரையில் ஏறக்கூடாது, எடை கூடக்கூடாது, கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சுப் பட்டி. இந்த வருத்தம் திரும்ப வரலாம். வந்தால் கால் விழவும் கூடும், அப்போது மூன்றாம் படியைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதற்கு வசதியில்லை என்றால், தீராத நோவில் கிடந்து இழுபடவிடாமல் உறங்கவைப்பதைப் பற்றியும் பேச வேண்டி வரும் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். ஆச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அது இன்றைக்கு இல்லை.

உங்கள் வீட்டுப் பிராணிக்கு நோ என்றால் நான் சொல்வது இவ்வளவுதான். மனித மருந்து கொடுக்காதீர்கள். உருவாதீர்கள். காத்திருக்காதீர்கள். வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: "என்னட்ட இவ்வளவுதான் இருக்குது, இதுக்குள்ள என்ன செய்யலாம்?" ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆச்சியின் கேள்வியைக் கேளுங்கள்: இதன் முடிவால் வைத்தியம் மாறுமா? நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். பின்னங்கால் தளம்பினாலோ சலம் போகாவிட்டாலோ மட்டும் யோசிக்க நிற்காமல் உடனே ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. சுட்டியின் கூடு இப்போது எங்கள் விறாந்தையில் சும்மா இருக்கிறது. கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறோம். சின்ன நாய்க்கோ பூனைக்கோ ஓய்வுக் கூடு தேவைப்படுபவர்கள் இன்பொக்ஸில் சொல்லிவிட்டு வந்து எடுத்துப் போகலாம். காசு வேண்டாம். தேவை முடிந்ததும் கழுவித் திருப்பித் தந்தால் போதும், அடுத்தவருக்கு உதவும்.